சீட்டு குத்தாத மூட்டைகள்

எங்கள் ஆய்வகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருக்கிறது. மற்றபடி மேனேஜர் தொடங்கி கூட்டிப் பெருக்க வருகிற அக்கா வரைக்கும் அவர் எல்லோருக்கும் "ஒருவாட்டி"தான். யார் எதைச் செய்யப் போனாலும் குறுக்கே வந்து, "ஒருவாட்டி பாத்துட்டுச் செய்யுங்களேன்" என்பார். அச்சுப்பொறிக்குத் தாள் வைக்கப் போனால்கூட அதே பாட்டுத்தான். எரிச்சலாக இருக்கும். ஆனால் அவர் பேச்சைக் கேட்காமல் செய்து நான் முழி பிதுங்கி நின்ற நாட்களும் உண்டு, அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

நான் முன்மேசையில் இருப்பவள். ரத்தம் கொடுக்க வருகிறவர்களின் பெயரைப் பதிவது, வரிசையில் முட்டி மோதுகிறவர்களை உட்கார வைப்பது, முடிவு ஏன் வரவில்லை என்று கத்துகிறவர்களிடம் திருப்பிக் கத்தாமல் இருப்பது, இவை என் வேலைகள். கடைசி வேலை மட்டும் எனக்கு அவ்வளவாகக் கைகூடவில்லை.

ஒருவாட்டி அண்ணன் பின்பக்கத்துக் குளிரறையில் இருப்பார். இயந்திரங்கள் சூடாகாமல் இருக்க அங்கே எந்நேரமும் குளிர்காற்று ஓடும். அதனால் வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிற நாளிலும் அவர் சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டுதான் நடமாடுவார். ஒல்லியான ஆள், பேச்சும் அதே அளவு ஒல்லி. அவரிடம் பெரிய குறை ஒன்று உண்டு. தன் மனதில் இருப்பது அடுத்தவருக்கும் தெரியும் என்று நினைத்துக்கொள்வார். அவர் மனைவியை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். அண்ணி ஒருமுறை சொன்னார்: "ஒரு நாள் சாயங்காலம் குளிச்சுட்டு, நல்ல சட்டை போட்டு, செருப்பை மாட்டிக்கிட்டு வாசல்ல நிக்கிறாரு. எங்கேன்னு கேட்டா, 'உங்க அக்கா வீட்டுக்குத்தானே, ஏன் இன்னும் கிளம்பாம இருக்க'ங்கிறாரு. காலையிலேயே முடிவு பண்ணிட்டாராம். என்கிட்ட சொல்லத்தான் மறந்துட்டாராம்." அண்ணி சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அது பழைய சலிப்பு என்பது எனக்குத் தெரிந்தது.

அந்தக் குறைதான் அவரைக் கவிழ்த்தது.

பரிசோதனை முடிவு வந்ததும் நோயாளிகளின் போனுக்கு எங்கள் ஆய்வகத்திலிருந்து செய்தி போகும். அந்தச் செய்தியின் வடிவத்தை மாற்றச் சொல்லியிருந்தார் மேனேஜர். புது வடிவம் எல்லோருடைய பெயருக்கும் ஒழுங்காகப் பொருந்துகிறதா, நீளமான பெயர் வந்தால் வரி உடைகிறதா என்று பார்க்க வேண்டும். இருப்பதிலேயே நீளமான செய்தி, மோசமான முடிவு வந்தவர்களுக்குப் போவதுதான். "உங்கள் ரத்தப் பரிசோதனையில் தீவிரமான மாற்றம் காணப்படுகிறது. தாமதிக்காமல் மருத்துவரைப் பார்க்கவும். குடும்பத்தினர் ஒருவரை உடன் அழைத்து வரவும்." அந்த வாசகத்தையே எல்லோருடைய பெயரிலும் போட்டு, செய்திகள் அத்தனையும் தன் போனுக்கு மட்டும் வரும்படி செய்து, உட்கார்ந்து சரிபார்த்துக்கொள்ளலாம் என்பது அண்ணனுடைய திட்டம்.

அவர் மேசையில் ஒரு கறுப்புத் திரை எப்போதும் திறந்திருக்கும். அதில் படமும் கிடையாது, பொத்தானும் கிடையாது. எழுத்தால் கட்டளை கொடுத்தால் எழுத்தால் பதில் வரும். ஷெல் என்பார் அதை. அந்த ஷெல்லிடம் சில விவரங்களை முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். செய்தி யாருக்குப் போக வேண்டும் என்பது அப்படி ஒரு விவரம். ஒருதடவை சொல்லி வைத்துவிட்டால், அந்தத் திரையில் செய்கிற வேலையெல்லாம் அதன்படியே நடக்கும். அன்று காலை அவர், "பெறுபவர் நான்" என்று அதனிடம் சொல்லி வைத்தார். ஒரு பெயரைக் கொடுத்து ஓட்டிப் பார்த்தார். செய்தி அவர் போனுக்கே வந்தது. ஒருவாட்டி பார்த்தாகிவிட்டது அல்லவா, அவருக்குத் திருப்தி.

மீதிப் பெயர்களை ஒவ்வொன்றாக ஓட்டினால் பொழுது சாய்ந்துவிடும். ஒரே நேரத்தில் பல வேலைகளைப் பக்கத்தில் பக்கத்தில் ஓட விடுகிற கருவி ஒன்று அவரிடம் உண்டு. பெயர்களை மொத்தமாக அதனிடம் கொடுத்துவிட்டார். வினை அங்கேதான் இருந்தது. அப்படி ஓடுகிற ஒவ்வொரு வேலையும் தனக்கென்று புதிதாக ஒரு ஷெல்லைத் திறந்துகொள்ளும். பழைய திரையிடம் சொல்லி வைத்தது அந்தப் புது ஷெல்லுக்குத் தெரியாது. "இதையும் கூடவே அனுப்பு" என்பதற்கு எக்ஸ்போர்ட் என்று ஒரு சொல் இருக்கிறது. அதைச் சேர்த்திருந்தால் தெரிந்திருக்கும். அவர் சேர்க்கவில்லை. பெறுபவர் யார் என்று சொல்லாவிட்டால் நோயாளிக்கே அனுப்பிவிடு என்று நிரலில் எழுதி வைத்திருந்தவரும் அவரேதான்.

எனக்கு இதெல்லாம் பிறகுதான் புரிந்தது. நான் பார்த்தது வேறு. காத்திருக்கும் கூடத்தில் இருந்தவர்களின் போன்கள் இங்கொன்றும் அங்கொன்றுமாக ஒலித்தன. எடுத்துப் பார்த்தவர்களின் முகம் மாறியது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்து நின்றார். போனை இன்னொருதடவை படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். கைக்குழந்தைக்காரி ஒருத்தி போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். நான் படித்து முடிப்பதற்குள் மேசைத் தொலைபேசி அடிக்க ஆரம்பித்தது. அது அன்றைக்கு ஓயவே இல்லை.

குளிரறைக் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். அண்ணன் போனைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னும் ஒண்ணுகூட வரலையேம்மா" என்றார். நான் சொன்னேன். அவர் முகம் வெளிறிப்போனதை அந்தக் குளிரில் நின்று பார்த்தேன். கத்தலாம் என்றுதான் போனேன், கத்தாமல் தொலைபேசிக்கே திரும்பி ஓடினேன்.

மேனேஜர் காரியத்தில் கெட்டிக்காரர். மத்தியானத்துக்குள் எல்லோருக்கும் இன்னொரு செய்தி போனது. "முன்னர் வந்த செய்தியைப் பொருட்படுத்த வேண்டாம். செய்தி அனுப்பும் நிறுவனத்தின் தொழில்நுட்பக் கோளாறு. உங்கள் முடிவு தனியாக வரும். வருந்துகிறோம்." எங்களைக் கூப்பிட்டு, "யார் கேட்டாலும் இதுதான் பதில். நம்ம ஆளுன்னு ஒரு வார்த்தை வெளிய போகக் கூடாது" என்றார். பிறகு அண்ணன் பக்கம் திரும்பி, "நீங்க வாயே திறக்காதீங்க. அது உங்களுக்கு ஒண்ணும் கஷ்டமில்ல" என்றார்.

அண்ணன் தலையாட்டினார். தப்பு செய்ததற்குக் கூனிக் குறுகியவர், இப்படித் தலையாட்டியதற்கு இன்னும் குறுகிப்போனார். அதற்குப் பிறகு வந்த நாட்களில் அவர் சாப்பாட்டு அறைக்கு வரவில்லை. நடைவழியில் நான் எதிரே வந்தால் சுவரோடு ஒதுங்குவார். யாரோ பழக்கதோஷத்தில் "ஒருவாட்டி, இதைப் பாருங்களேன்" என்று கூப்பிட்டபோது, செவிட்டில் அறைந்ததுபோல் அவர் நின்றதைப் பார்த்தேன். அந்தச் சொல்லை அவர் சொல்வதும் நின்றுபோனது. அச்சுப்பொறியில் நாங்கள் தாளைத் தலைகீழாக வைத்தாலும் பேசாமல் போனார்.

மற்றவர்கள் எல்லோரும் ஒருவழியாக அடங்கிவிட்டார்கள். திட்ட வேண்டியதைத் திட்டினார்கள், சரியான முடிவு கைக்கு வந்ததும் போய்விட்டார்கள். ஒருத்தர் மட்டும் அடங்கவில்லை.

அந்த அம்மா தையல்காரர். பள்ளிச் சீருடைகளை மொத்தமாக எடுத்து, வீட்டிலேயே வெட்டி, அக்கம்பக்கத்துப் பெண்களிடம் கொடுத்துத் தைத்து வாங்குகிறவர். அசதியாக இருக்கிறது என்று ரத்தம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அவருடைய உண்மையான முடிவில் இரும்புச் சத்து கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். ஆனால் அவருடைய மகன் என் மேசைக்கு முன்னால் வந்து நின்று அழாத குறையாகச் சொன்னான்: "அம்மா நம்பவே மாட்டேங்கிறாங்கக்கா. முதல்ல வந்ததுதான் நிஜம், ரெண்டாவது என்னைத் தேத்துறதுக்கு அனுப்பினதுன்னு சொல்றாங்க. வேற இடத்துல டெஸ்ட் எடுத்தேன். ஒண்ணுமில்லன்னு வந்துச்சு. நீ முன்னாடியே போய்ச் சொல்லி வச்சிருப்பங்கிறாங்க. சாப்பாடு இறங்கல. எடுத்த ஆர்டரைத் திருப்பிக் கொடுத்துட்டாங்க. மிஷினைத் தூக்கிச் சித்திக்குக் கொடுத்துட்டாங்க. ஒவ்வொரு சாமானா வீடு காலியாகுதுக்கா."

"அப்படி ஏன் நினைக்கிறாங்க?" என்றேன்.

"அப்பாவுக்கு முடியாமப் போனப்ப நாங்க அவர்கிட்ட நிஜத்தைச் சொல்லல. ஒண்ணுமில்ல, வெறும் அல்சர்னு கடைசி வரைக்கும் சொன்னது அம்மாதான்."

தொழில்நுட்பக் கோளாறு என்று சொல்லிப் பார்த்தேன். அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். "அதைத்தான் அம்மா நம்பலக்கா. கோளாறுன்னா யாரு பண்ணினது, எப்படிப் பண்ணினாங்கன்னு கேக்குறாங்க. எனக்கு என்ன தெரியும்?"

நேரே குளிரறைக்குப் போனேன். அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் சொல்லி முடிக்கும்வரை அவர் கம்பளிச் சட்டையின் நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தார். முடிந்ததும், "மேனேஜர் சொல்லக் கூடாதுன்னாரே" என்றார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அந்தம்மா சோறு தண்ணி இல்லாமக் கிடக்குது. நீங்க இங்க குளுகுளுன்னு உக்காந்து வருத்தப்பட்டுக்கிட்டிருக்கீங்க. உங்க வருத்தம் அந்தம்மாவுக்கு எப்படித் தெரியும்? யாராச்சும் போய்ச் சொன்னாத்தானே தெரியும்?"

அவர் எழுந்தார். பிறகு கம்பளிச் சட்டையைக் கழற்றி நாற்காலியின் முதுகில் போட்டார். அவர் அதைக் கழற்றி நான் பார்த்ததே இல்லை. உள்ளே சட்டையின் காலர் நைந்திருந்தது.

தையல்காரம்மாவின் வீடு மாடியில். கீழே தெருவுக்கு அந்தப் பக்கம், நேர் எதிரில், இன்னொரு தையல்கடை இருந்தது. படியேறும்போது அண்ணன் இரண்டு தடவை நின்றார். இரண்டாவது தடவை நின்றபோது முதுகில் கைவைத்துத் தள்ளிவிட்டேன்.

முன்னறையில் பாதிச் சுவருக்கு வெட்டுமேசை கிடந்தது. மிஷின் இருந்த இடத்தில் தரையில் நான்கு கால் தடங்கள் மட்டும் தெரிந்தன. அந்தம்மா ஜன்னலோரம் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். முகம் வற்றிப்போயிருந்தது, கண் மட்டும் ஊசியாக இருந்தது. மகனும் மருமகளும் வாசலில் நின்றார்கள்.

"ஆய்வகத்துலேருந்து வந்திருக்கோம்மா" என்று தொடங்கினேன்.

"தேத்த வந்திருக்கீங்களா? உக்காருங்க. இவங்க ரெண்டு பேரும் தினமும் தேத்துறாங்க. நீங்களும் உங்க பங்குக்குத் தேத்துங்க."

அண்ணன் உட்காரவில்லை. "நான்தான் அனுப்பினேன்" என்றார். குரல் அவர் சட்டைக்குள்ளேயே விழுந்தது.

"என்ன?"

"அந்தச் செய்தியை அனுப்பினது நான்தாம்மா. எந்தக் கம்பெனியும் இல்ல. கோளாறும் இல்ல. நான் பண்ணின தப்பு."

அந்தம்மா என்னைப் பார்த்தார். "இவர் யாரு, நல்லா நடிக்கிறாரு. என் பையன் கூட்டிட்டு வந்தானா?"

அண்ணன் அழுதுவிடுவாரோ என்று எனக்குப் பயமாகிவிட்டது. அவர் அழவில்லை. திக்கித் திக்கிச் சொல்ல ஆரம்பித்தார். திரை, சொல்லி வைத்தது, ஒருதடவை ஓட்டிப் பார்த்தது, தன் போனுக்கு வந்தது, அந்த மிதப்பில் மீதியைப் பரிசோதிக்காமல் விட்டது, எல்லாவற்றையும் சொன்னார். "என் திரைக்குத் தெரியும்மா. ஆனா நான் வெளிய அனுப்பின வேலைங்களுக்குத் தெரியாது. ஒவ்வொண்ணும் தனியாப் போய் ஓடுது. கூடவே எடுத்துட்டுப் போங்கன்னு ஒரு வார்த்தை சேர்க்கணும். சேர்க்கல. அதுங்க பார்த்துச்சுங்க, யாருக்கு அனுப்பணும்னு ஒண்ணுமே சொல்லலையேன்னு, உங்களுக்கே அனுப்பிடுச்சுங்க." நெற்றி வேர்வை மூக்கின் நுனிக்கு வந்துவிட்டது. அவர் துடைக்கவில்லை. "இதை யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சொன்னாங்க. நானும் சரின்னு தலையாட்டினேன். அது அதைவிடப் பெரிய தப்பு."

அந்தம்மா கொஞ்சம் முன்னால் சாய்ந்தார்.

"இருங்க. நீங்க உங்க வீட்டுல சொல்லி வச்சீங்க."

"ஆமாம்மா."

"மூட்டைக்குச் சீட்டு குத்தல."

அண்ணனுக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. அந்தம்மா மகனைப் பார்த்து, "நினைவிருக்காடா, அந்தப் பச்சைப் பட்டன்?" என்றார். பிறகு எங்களுக்குச் சொன்னார். அவர் வெட்டின துணியைக் கட்டுக் கட்டாகப் பல வீடுகளுக்குக் கொடுத்து அனுப்புவார். என்ன நூல், என்ன பட்டன் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஒவ்வொரு மூட்டையிலும் குண்டூசியால் குத்திவிடுவார். ஒரு வருடம் வெள்ளைப் பட்டன் என்று முடிவு செய்து, வீட்டில் கூட இருந்து தைத்தவளிடம் சொல்லி, ஒரு சட்டையைத் தைத்தும் பார்த்திருக்கிறார். சரியாக வந்திருக்கிறது. அந்த நினைப்பிலேயே மற்ற மூட்டைகளைச் சீட்டு குத்தாமல் அனுப்பிவிட்டார். அந்தப் பெண்களெல்லாம் போன வருடத்துப் பச்சைப் பட்டனை வைத்துத் தைத்துக்கொண்டு வந்து நின்றிருக்கிறார்கள், எல்லா வீட்டிலிருந்தும் ஒரே நாளில்.

"பள்ளிக்கூடத்துல போய் நான் நின்ன நிலை எனக்குத்தான் தெரியும்" என்றார். அண்ணனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "பொய் சொல்ல வந்தவன் இப்படிக் கேவலமான பொய்யா சொல்லுவான்? நல்லதா ஒண்ணு ஜோடிச்சுட்டு வந்திருக்க மாட்டானா? இது வேலை செய்யுறவனுக்கு மட்டுமே வர்ற தப்பு."

மருமகள் மெல்ல உள்ளே போய் ஒரு தட்டில் சோறு போட்டுக்கொண்டு வந்தாள். அந்தம்மா வாங்கிக்கொண்டார். இரண்டு வாய் சாப்பிட்டார். மூன்றாவது வாயை எடுத்தவர் அப்படியே கையை நிறுத்தினார். அவர் முகத்தில் உயிர் திரும்பி வருகிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோதே கோபமும் திரும்பி வந்துவிட்டது.

"நான் சாகல. சரி. நான் அள்ளிக் கொடுத்ததெல்லாம்? அதை யார் போய்க் கேக்குறது? நான் கேட்டா ஊர் சிரிக்காதா? நீங்க போங்க. ஒவ்வொரு வீடாப் போய், என்கிட்ட சொன்னதை அப்படியே அங்கேயும் சொல்லி, வாங்கிட்டு வாங்க."

அண்ணன் தலையாட்டினார். இந்தத் தலையாட்டலில் எனக்குக் குறை தெரியவில்லை.

ஒரே கணத்தில் ஊர் முழுக்கப் போன விஷயத்தை, ஒரு மனிதன் வாயால், ஒவ்வொரு வீடாகத் திருப்பி எடுப்பது எப்படி இருக்கும் என்று நான் கூடவே போய்ப் பார்த்தேன். குறுக்குவழி கிடையாது. முந்தின வீட்டில் சொன்னது அடுத்த வீட்டுக்குத் தெரியாது. கதவு திறக்கிற ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்: "நான்தான் அனுப்பினேன்." அந்தம்மாவின் தங்கை, அக்கா பிழைத்தாள் என்று கேட்டதும் ஓவென்று அழுதார். அழுது முடித்துவிட்டு அண்ணனைத் திட்டிய திட்டில் பக்கத்து வீட்டு ஜன்னல்கள் திறந்தன. மிஷினை அண்ணனும் நானும் ஒரு வண்டிக்காரரும் சேர்ந்து இறக்கினோம். அந்தம்மாவுக்குப் பட்டன் கட்டித் தருகிற பெண்ணிடம் பெரிய இஸ்திரிப் பெட்டி போயிருந்தது. நாங்கள் போனபோது அவள் அதில்தான் தேய்த்துக்கொண்டிருந்தாள். "கொதிக்குது, ஆறினதும் எடுத்துட்டுப் போங்க" என்று ஒரு முக்காலியைக் காட்டினாள். அது ஆறும்வரை அண்ணன் அந்த முக்காலியில் உட்கார்ந்திருந்தார். அவளுடைய வீட்டார் மொத்தமும் எதிரே வரிசையாக உட்கார்ந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இஸ்திரிப் பெட்டி ஆறுவதற்கு இவ்வளவு நேரமாகும் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது.

விஷயம் மேனேஜர் காதுக்கும் போகாமல் இருக்குமா? குளிரறைப் பொறுப்பைப் பிடுங்கி இன்னொருவரிடம் கொடுத்துவிட்டார். அண்ணன் இப்போது என் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அச்சுப்பொறிகளைப் பார்க்கிறார். யார் அந்தச் செய்தியைப் பற்றிக் கேட்டாலும், "ஆமாங்க, அது நான்தான்" என்கிறார். ஒவ்வொரு தடவையும் காது மடல் சிவக்கிறது. ஆனாலும் சொல்கிறார்.

கடைசியாக மிச்சமிருந்தது ஒரு கத்தரி. அந்தம்மாவின் வெட்டுக் கத்தரி, அவர் தொழில் தொடங்கியபோது வாங்கியது. அதைப் பற்றிப் பேச்செடுத்தாலே அவர் பேச்சை மாற்றிக்கொண்டிருந்தார். கடைசியில்தான் சொன்னார், முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு.

"எதிர்க்கடைக்காரிகிட்ட இருக்கு. நாங்க பேசி ரொம்ப வருஷமாச்சு. கத்தரியை வாங்கிட்டு வாங்க." ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "அவகிட்ட ஒண்ணு சொல்லித் தொலைச்சுட்டேன். அதையும் திருப்பி வாங்க முடியுமான்னு பாருங்க."

என்ன சொன்னீர்கள் என்று கேட்டதற்கு வாசலைக் கையால் காட்டினார்.

எதிர்க்கடைக்காரி கட்டையான, வாயில் குண்டூசி வைத்துக்கொண்டே பேசுகிற பெண்மணி. அண்ணன் சொல்ல வேண்டியதைச் சொன்னார். எத்தனையோ வீடுகளில் சொல்லியும் அவருக்கு அது சுலபமாகிவிடவில்லை. கேட்டுக்கொண்டிருந்தவர் வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சிறு பஞ்சுப் பொதியில் குத்தினார். பிறகு அலமாரியைத் திறந்து, துணியில் சுற்றி வைத்திருந்த கத்தரியை எடுத்து மேசையில் வைத்தார்.

"எடுத்துட்டுப் போங்க. இதால நான் ஒரு நூல்கூட வெட்டல" என்றார்.

அண்ணன் கத்தரியைத் தொடவில்லை. "இன்னொண்ணும் வாங்கிட்டு வரச் சொன்னாங்க. உங்ககிட்ட ஏதோ சொன்னாங்களாமே" என்றார்.

அந்தப் பெண்மணியின் கழுத்து நிமிர்ந்தது. "இங்கேதான் நின்னா, நீங்க நிக்கிற இடத்துல. 'உன் காலர் மாதிரி எனக்கு ஒருநாளும் உக்காந்ததில்ல. உன் கை என் கையைவிடச் சுத்தம். பொறாமையிலதான் உன் வேலையைப் பத்திக் கண்டபடி பேசினேன்'னு சொல்லிட்டு இதை வச்சுட்டுப் போனா." சற்று நேரம் கத்தரியையே பார்த்துக்கொண்டிருந்தார். "இத்தனை வருஷமா தைக்கிறேன். கொண்டு வர்றவங்க தொளதொளன்னு இருக்கு, இறுக்கமா இருக்குன்னுதான் சொல்லுவாங்க. காலர் நல்லா உக்காந்திருக்குன்னு சொன்னது அவ ஒருத்திதான். கத்தரியைத் தரேன். அதைத் தர மாட்டேன்."

பிறகு குரலைத் தாழ்த்தி அவரைக் கேட்டார். "ஒண்ணு சொல்லுங்க. சாகப் போறோம்னு நினைச்சதால சும்மா சொன்னாளா? இல்ல நிஜமாவே அப்படி நினைக்கிறாளா?"

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் உதவவில்லை.

"எனக்குத் தெரியாதுங்க. நானா ஒண்ணை நினைச்சுக்கிட்டதாலதான் இவ்வளவும் ஆச்சு." கத்தரியை எடுத்துக்கொண்டார். "நீங்களே ஒருவாட்டி கேட்டுப் பாருங்களேன்."

அத்தனை நாளுக்குப் பிறகு அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வந்தது அப்போதுதான். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. காது மடல் சிவந்தது.

மாடிக்குத் திரும்பினோம். தையல்காரம்மா கத்தரியை வாங்கி, விரலை உள்ளே விட்டு, காற்றில் ஒருதடவை திறந்து மூடினார். "அப்புறம் மத்தது?" என்றார், எங்களைப் பார்க்காமல்.

"தர மாட்டாங்களாம்மா" என்றார் அண்ணன். "சும்மா சொன்னீங்களா, நிஜமாச் சொன்னீங்களான்னு கேக்குறாங்க. எனக்குத் தெரியாதுன்னு சொல்லிட்டேன்."

அந்தம்மா கையால் முகத்தை மூடிக்கொண்டார். விரல்களுக்கு நடுவிலிருந்து குரல் வந்தது. "நிஜமாத்தான் சொன்னேன். அதுதானே தொல்லை. செத்துப்போறவ சொல்லிட்டுப் போயிடலாம். நான் இனி தினமும் ஜன்னலைத் திறந்தா அவ மூஞ்சியில முழிக்கணும். ஊரெல்லாம் அவளைப் பேசின வாயை வச்சுக்கிட்டு எப்படிப் போய் நிப்பேன்?"

நான் ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அண்ணன் முந்திக்கொண்டார்.

"நான் வேணா கூட வரேம்மா" என்றார். "இப்படிப் போய் நின்னு நின்னு எனக்கு வழி தெரியும். முதல் வார்த்தைதான் கஷ்டம். நான் பக்கத்துல நிக்கிறேன்."

அந்தம்மா கையை எடுத்துவிட்டு அவரைப் பார்த்தார். பிறகு எழுந்து, தலையை வாரிக்கொள்ள உள்ளே போனார். அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் போய் நின்றார். எங்கே போகிறோம் என்று இந்தமுறை நாங்கள் யாரும் அவரைக் கேட்க வேண்டியிருக்கவில்லை.